கொலை நடந்த ஊர் எங்கே இருக்கிறது?

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரித்தானியாவின் ஐ.ரி.வி. அலைவரிசையில் 'புரோட்சேர்ச்' என்ற குற்றத்தொடர் ஆரம்பமானது. விடிகாலையில் ஒரு சிறுவனின் உடல் கடற்கரையில் கிடக்கிறது. பின்னால் தேன்நிற மணற்பாறை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. தாய் மணலில் ஓடி வருகிறாள். பொலிசார் நாடா கட்டி மறிக்கிறார்கள். ஊர்ச்சனம் தேவாலயத்தில் கூடுகிறது. 2017 வரை மூன்று பருவங்களாக ஓடி முடிவதற்குள், அந்தச் சின்னக் கடலோர ஊரின் சந்துபொந்தெல்லாம் பார்த்தவர்களுக்கு அத்துப்படியாகிவிட்டது. யார் வீட்டிலிருந்து எது எவ்வளவு தூரம் என்றுகூடச் சொல்வார்கள்.

அப்படியொரு ஊர் இங்கிலாந்தில் கிடையாது. அந்தப் பாறை இருப்பது தென்கரையில், டோர்செற் பகுதியின் வெஸ்ற் பே என்ற துறையில். தேவாலயம் இருப்பது சமர்செற்றில், கிளீவ்டன் நகரத்துப் புனித அந்திரேயா ஆலயம். இரண்டுக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கிளிநொச்சியில் படலையைத் திறந்து வெளியே வந்தவர் அடுத்த கணம் வவுனியாவில் கோவில் வாசலில் நிற்கிற மாதிரி. கடல்கூட ஒன்றல்ல. வெஸ்ற் பே ஆங்கிலக் கால்வாயைப் பார்த்திருக்கிறது. கிளீவ்டன் இருப்பது சேவேர்ண் ஆற்றின் கழிமுகத்தில். உலகிலேயே வற்றுப்பெருக்கு மிகவும் கூடிய கரைகளில் அது ஒன்று, அங்கே தண்ணீர் சேற்று நிறம். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இலட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், நம்பினார்கள், அழுதார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதும், எந்த இடத்தில் நடக்காமல் போகிறது என்பதும்தான் இந்தக் கட்டுரையின் விடயம். வன்னியில் இருந்து பார்க்கிறபோது இதற்கு ஒரு தனிக் கனம் உண்டு. எங்கள் மண்ணின் கதை பல தடவை படமாகியிருக்கிறது. அந்தப் படங்களில் எங்கள் மண் வருவது அருமை.

முதலில் அந்தப் பாறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அது ஏறத்தாழ 17, 18 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்துக் கடலடியில் படிந்த மணல். மணல் முழுவதும் ஒரே உறுதியில் இறுகவில்லை. சில படைகளில் சுண்ணாம்பு ஊறிக் கல்லானது. இடைப்பட்ட படைகள் கையால் சுரண்டினாலே உதிர்கிற பதத்தில் நின்றுவிட்டன. காற்றும் உப்பும் மென்படைகளை உள்ளே அரிக்க, வன்படைகள் தட்டுத்தட்டாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் ஒவ்வொரு தட்டும் கீழே ஒரு நிழற்கோடு போடும். தொடரில் அந்தப் பாறை உயிருள்ளதுபோல, எதையோ மறைக்கிறதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் இந்தக் கோடுகள். மென்படை குடைந்துகொண்டே போவதால் மேற்பகுதி தாங்கலிழந்து திடீரென்று சரியும். அடியில் நிற்காதீர்கள் என்று அங்கே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். கதையை எழுதிய கிறிஸ் சிப்னல் அதற்குப் பக்கத்து ஊரான பிரிட்போட்டில் குடியிருந்தவர். பாறையைத் தினமும் பார்த்த ஒருவரின் மனதில்தான் அந்தக் கொலை அந்த இடத்தில் நடந்தது.

பாறையையும் தேவாலயத்தையும் ஒரே ஊராக்குகிற வித்தைக்கு நூறு வயது. 1920களின் தொடக்கத்தில் ருஷ்ய இயக்குநர் லெவ் குலேஷோவ் ஒரு சோதனை செய்தார். மொஸ்கோவின் ஒரு தெருவில் ஓர் ஆண் நடக்கிறான். வேறொரு தெருவில் ஒரு பெண் நடக்கிறாள். இருவரும் சந்தித்துக் கைகுலுக்குகிறார்கள். அவன் எதையோ சுட்டிக்காட்ட, திரையில் வாஷிங்டனின் வெள்ளை மாளிகை வருகிறது. அது ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. பிறகு இருவரும் மொஸ்கோவில் உள்ள ஒரு தேவாலயத்தின் படிகளில் ஏறுகிறார்கள். பார்த்தவர்கள் கண்டது ஒரே இடம்: இருவர் தெருவில் சந்தித்து வெள்ளை மாளிகைக்குள் போகிறார்கள். உலகப்படத்தில் இல்லாத ஒரு தெரு, கத்தரியாலும் ஒட்டுப்பசையாலும் உண்டானது.

உண்டாக்கியது கத்தரி மட்டும்தானா என்றால், பாதி வேலையைப் பார்ப்பவரின் மூளை செய்கிறது. 1998இல் ரசல் எப்ஸ்ரைன், நான்சி கன்விஷர் என்ற இருவர் மூளைக்குள் ஒரு சிறு பகுதியைக் கண்டறிந்து சொன்னார்கள். அறை, தெரு, வயல்வெளி போன்ற இடக்காட்சிகளைக் கண்டால் அது துடித்தெழுகிறது. முகங்களைக் காட்டினால் அவ்வளவாக அசைவதில்லை. அதற்கும் முன்னர், 1971இல், ஜோன் ஓகீஃப் எலிகளின் மூளையில் விசித்திரமான கலங்களைக் கண்டிருந்தார். எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வரும்போது மட்டும் ஒரு கலம் இயங்கும். இன்னொரு மூலைக்கு இன்னொரு கலம். தலைக்குள்ளே ஓர் உலகப்படம் வரையப்பட்டிருக்கிறது என்பதற்கு அது முதல் நேரடிச் சான்று. அவருக்கும், 2005இல் அந்தப் படத்தின் அளவுக்கட்டங்களைப் போன்ற கலங்களைக் கண்ட நோர்வேயின் மோசர் தம்பதியருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த உள்படம் வெறுமையைப் பொறுப்பதில்லை. ஒரு பொருளைக் கிட்டத்தில் நின்று எடுத்த புகைப்படத்தைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னால், பெரும்பாலானோர் படத்தின் ஓரத்துக்கு வெளியே இருந்திருக்கக்கூடியதையும் சேர்த்து வரைகிறார்கள். 1989இல் ஹெலன் இன்ட்ராப், மைக்கல் ரிச்சட்சன் இருவரும் இதை வெளியிட்டார்கள். சட்டகத்துக்குள் ஒரு வேலியின் நாலு கதியால் தெரிந்தால் போதும். வேலி முழுவதையும், வேலிக்கு அப்பாலுள்ள வளவையும் நாங்களே போட்டுக்கொள்கிறோம். இன்னொரு சோதனையில் டானியல் லெவினும் டானியல் சைமன்சும் ஒரு குறும்படத்தின் நடுவே நடிகரையே மாற்றினார்கள். மேசையிலிருந்து ஒருவர் எழுகிறார், வெட்டு, அடுத்த காட்சியில் தொலைபேசியை எடுப்பவர் வேறொருவர், வேறு உடுப்பு. மூன்றில் இரண்டு பங்கினர் கவனிக்கவேயில்லை. ஆளே மாறினாலும் தெரியாத கண்ணுக்குத் தேவாலயம் 80 கிலோமீற்றர் நகர்ந்தது எங்கே தெரியப்போகிறது!

காதற்கதையில் இடம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் பரவாயில்லை. குற்றக்கதையில் இடமே சாட்சி. கொலை நடந்த நேரத்தில் சந்தேகநபர் எங்கே நின்றார், அங்கிருந்து சைக்கிளில் வர எவ்வளவு நேரம் செல்லும், யன்னலால் பார்த்தால் குளக்கட்டுத் தெரியுமா, இருட்டிவிட்டதா இல்லையா – இவற்றின்மேல்தான் முடிச்சே நிற்கிறது. ஆகவே இந்த வகைத் தொடர்களுக்கு ஒரு விசித்திரமான கடமை இருக்கிறது. நாலு ஊரிலிருந்து பொறுக்கிச் சேர்த்த ஊரை, ஒரே ஊராக மட்டுமின்றி, அளந்து பார்க்கக்கூடிய ஊராகவும் காட்ட வேண்டும்.

தமிழிலும் இதைத் துணிந்து செய்யத் தொடங்கிவிட்டார்கள். 2022 ஜூனில் அமேசன் பிறைமில் வந்த 'சுழல்' தொடரை புஷ்கர்-காயத்ரி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். அதில் வரும் சீமெந்துத் தொழிற்சாலை ஊர் பெயர் முதற்கொண்டு கற்பனை. ஆனால் கதையின் முதுகெலும்பாக ஓடுகிற மயானக்கொள்ளைத் திருவிழா உண்மையானது. மகா சிவராத்திரியை அடுத்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலில் பெருங்கூட்டத்தோடு நடப்பது. இல்லாத ஊருக்கு இருக்கிற சாமியைக் கொண்டுவந்து வைத்ததும் அந்த ஊருக்கு வேர் வந்துவிட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கிய 'வதந்தி' கன்னியாகுமரிப் பக்கத்தைக் களமாக வைத்தது. அதில் இறந்த பெண்ணின் உடல் கிடைப்பதே ஒரு சினிமாப் படப்பிடிப்பு நடந்த இடத்தில். முதலில் அது நடிகையின் உடல் என்று செய்தி பரவுகிறது. பொய்யான இடத்தில் கிடைத்த மெய்யான சாவு என்று கதை தொடங்குவது, இந்தத் துறையை நன்றாக அறிந்த ஒருவருக்கே தோன்றக்கூடிய யோசனை.

இனி வன்னிக்கு வருவோம். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002இல் வந்தபோது, அந்தச் சிறுமி தாயைத் தேடிப் போகிற ஊர் மாங்குளம். கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் தெற்கே போனால் வருகிற அதே மாங்குளம். படத்தில் நாங்கள் கண்டது இந்திய மண்ணில் எழுந்த மாங்குளம். போரின் முடிவில் தப்பியோடுகிற ஒரு போராளியோடு தொடங்கும் ஜாக் ஓடியாரின் 'தீபன்' 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. அதன் பாரிஸ் பகுதி உண்மையிலேயே பாரிசுக்கு அருகில், புவாசி நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் படமானது. இலங்கைப் பகுதிக்குத் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். போர்க்காலத்திலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் இங்கே ஒரு படக்குழு வந்து சுதந்திரமாக வேலை செய்திருக்க முடியாது. அது நியாயமான காரணம்தான். இருந்தாலும் ஒரு மண்ணின் துயரம் தொடர்ந்து இரவல் மண்ணிலேயே சொல்லப்படும்போது, அந்த மண்ணுக்குரிய சின்னச் சின்ன உண்மைகள் உலகத்தின் நினைவில் பதியாமலே போய்விடுகின்றன. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

இலங்கையும் பிறருக்காக நடித்ததுதான். 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' படத்தின் தாய்லாந்து, கித்துல்கலையில் ஓடும் களனி கங்கை. 1984இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் படத்தின் வட இந்தியக் கிராமமும் ஆட்டம் கண்ட தொங்குபாலமும் கண்டிப் பக்கத்தில் இருந்தவை.

இரவல் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? குற்றத்தொடரின் துப்பறிவாளர் செய்வதையே நாங்களும் செய்யலாம். 1904இல் ஜேர்மனியில் ஒரு பெண் அவரைக்காய்த் தோட்டத்தில் கொல்லப்பட்டாள். பிராங்க்பேர்ட்டின் இரசாயனவியலாளர் கேயோர்க் பொப், சந்தேகநபரின் காற்சட்டையில் ஒட்டிய மண்ணை உருப்பெருக்கியில் பார்த்தார். இரண்டு படை இருந்தது. அடியிலிருந்த படை கொலை நடந்த இடத்து மண்ணோடு ஒத்தது. மேற்படையில் மைக்காத் துணுக்குகள். அது அங்கிருந்து திரும்பும் பாதை மண். எந்த ஒழுங்கில் மண் ஒட்டியதோ அதே ஒழுங்கில் அந்த மனிதன் நடந்திருந்தான். மண்ணால் ஒரு கொலையை அவிழ்த்த ஆரம்பகால வழக்குகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். திரையில் தெரிகிற மண்ணுக்கும் அப்படி ஒரு வாய் இருக்கிறது. கேரளத்துக் காட்டுப்பாதை இரும்புச்சத்துக் கூடிய செம்பாறை மண். மழை அடித்து அடித்து மற்றச் சத்தெல்லாம் கழுவுண்டு, செங்கல் நிறத்தில் பளிச்சென்றிருக்கும். எங்கள் கிரவல் வீதியின் சிவப்பு அதைவிடக் கபிலம் கலந்தது. இரண்டு மழை விழுந்தால் கறுக்கும். வெயிலில் காய்ந்தால் வாகனம் போன பிறகு பூவரசு இலையில் மாப்போலப் படியும்.

மரங்கள் இன்னும் தெளிவாகப் பேசும். பாலை, வீரை, முதிரை – இவை நிற்பதுதான் வன்னிக்காடு. வானத்தை மூடுகிற உயரம் கிடையாது. தடித்த சிறு இலை, முறுகிய கொப்பு, நடுவே வெளிச்சம் இறங்கும் இடைவெளி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடோ பாசி பிடித்த நெட்டை மரங்களால் ஆனது. அதற்குள் சீருடை போட்ட ஆட்களை நிறுத்தி, அடியில் 'வடக்கு இலங்கை' என்று எழுத்துப் போட்டால், வெளியூரவர் நம்பலாம். விறகுக்குப் போய்ப் பழகிய எங்கள் ஊர் ஆச்சி ஒருத்தியை நம்பவைக்க முடியாது.

வெளிச்சம் சற்றுச் சிக்கலான சாட்சி. கிளிநொச்சிப் பக்கத்து எங்கள் வட்டக்கச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9.4 பாகையில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு தடவை நடுப்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. முதல் தடவை ஏப்ரல் 14ஐ ஒட்டி, அதாவது சித்திரைப் புத்தாண்டுப் பொழுதில். மற்றது ஆகஸ்ட் கடைசியில். புத்தாண்டன்று பகல் 12 மணி 8, 9 நிமிடமளவில் முற்றத்தில் ஒரு உலக்கையை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். அதற்குப் பிறகு நாலு மாதங்களுக்கு மேல் நடுப்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும். ஐரோப்பாவில் எந்த ஊரிலும் எந்த நாளிலும் அப்படி விழாது.

இதை ஒளிப்பதிவாளரின் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். டிசெம்பர் 21 நடுப்பகலில் 1.6 மீற்றர் உயரமான ஒருவர் வட்டக்கச்சி வாய்க்காற்கரையில் நின்றால் நிழல் ஒரு மீற்றர்தான். அதே ஆள் வெஸ்ற் பே கடற்கரையில் நின்றால் ஐந்தரை மீற்றர். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே, பி.பி.சி.யின் 'ஷெட்லாந்து' குற்றத்தொடருக்குப் பெயர் கொடுத்த தீவுகளில் நின்றால் 14 மீற்றர். அந்த வடநாட்டுத் தொடர்கள் பகல் நடுவிலும் துயரமாகத் தோன்றுவதற்கு நடிகர்களின் முகம் மட்டும் காரணமில்லை. நாள் முழுவதும் வெயில் சரிந்து, முகத்தின் ஒரு பாதியைத் தொட்டு மறுபாதியை விட்டுவிடுகிறது. அங்கே குளிர்காலத்தில் நண்பகலே மாலை. எங்கள் ஊர்ச் சூரியனோ தலைக்கு மேல் நின்று கண்குழிகளைக் கறுப்பாக்கும். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் எடுத்த முகம் எதுவும் அழகாக வராது என்று கலியாணப் படமெடுக்கிற பெடியனும் சொல்வான்.

சாயும் வெயிலும் இங்கே அவசரக்காரன். இரவும் பகலும் சமமாகிற நாட்களில், அடிவானத்துக்கு மேல் ஆறு பாகையில் நின்ற சூரியன் வட்டக்கச்சியில் 25 நிமிடத்துக்குள் இறங்கிவிடும். வெஸ்ற் பேயில் 38 நிமிடம், ஷெட்லாந்தில் 48. இங்கே சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக விழுவதும், அங்கே அடிவானத்தோடு சறுக்கிக்கொண்டு போவதும்தான் வித்தியாசம். பொன்வெயில் காட்சி ஒன்றை இரண்டு தரம் எடுத்துப் பார்க்க அங்கே நேரம் இருக்கும். இங்கே நடிகர் வசனத்தை மறந்தால் அன்றைய நாள் போயிற்று.

சிக்கல் என்று சொன்னது இதற்காகத்தான்: கேரளத்தின் நடுப்பகுதியும் ஏறத்தாழ இதே அட்சக்கோடு. கொச்சிச் சூரியனும் கிளிநொச்சிச் சூரியனும் ஒரே உயரத்தில் நடக்கிறார்கள். ஆகவே கேரளத்தை வன்னியாகக் காட்டினால், நிழலை வைத்து அந்த ஏமாற்றைப் பிடிக்க முடியாது. மழைதான் பிடித்துக்கொடுக்கும். அங்கே ஜூனில் தென்மேல் பருவக்காற்று கொட்டோ கொட்டென்று கொட்டும். அதே ஜூனில் இங்கே சோளகம் அனல் வீசி, குளத்தின் அலைகரைக்கு அப்பால் தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஜூன் மாதக் கதையில் வன்னிக்காடு பச்சைப்பசேல் என்று சொட்டினால், அது வேறெங்கோ நின்று எடுத்தது.

காதுக்கும் வேலை இருக்கிறது. படப்பிடிப்பில் பதிவான சத்தத்தைப் பெரும்பாலும் கழற்றிவிட்டு, பறவையும் பூச்சியும் காற்றும் பிறகு சேர்க்கிறார்கள். பழைய ஹொலிவூட் படங்களில் ஆபிரிக்கக் காட்டிலும் அமேசன் காட்டிலும் சிரித்துக் கூவிய பறவை ஒன்று உண்டு. அது குக்கபரா, அவுஸ்திரேலியாவைச் சேர்ந்தது. எங்கள் பக்கத்துக்கும் இப்படி ஒரு சோதனை இருக்கிறது. வன்னிக்காட்டில் விடிய முன் கூவுவது இலங்கைக் காட்டுக்கோழி. இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. தென்னிந்தியக் காட்டில் கூவுவது சாம்பல் நிறக் காட்டுக்கோழி, வேறு இனம், வேறு குரல். திரையை மறைத்துவிட்டு விடியற்காலைக் காட்சியைக் கேட்டாலே எந்தக் கரை என்று சொல்லிவிடலாம். இரவு வயலில் ஆள் நடமாட்டம் என்றால் ஆட்காட்டி முதலில் சத்தம் போடும். கொலைகாரன் வரம்பால் நடந்து போகிறான், ஆட்காட்டி வாயே திறக்கவில்லை என்று ஒரு தொடரில் வந்தால், இங்கே அதை எவரும் நம்பமாட்டார்கள்.

சில இடங்கள் நடிக்க மறுத்துவிடுவதும் உண்டு. வின்ஸ் கில்லிகன் 'பிறேக்கிங் பாட்' தொடரை முதலில் கலிபோர்னியாவின் றிவர்சைட் நகரத்துக் கதையாகத்தான் எழுதினார். நியூ மெக்சிக்கோ மாநிலம் படப்பிடிப்புச் செலவில் காற்பங்கைத் திருப்பித் தருவதாகச் சொன்னதால் அல்புகேர்க்கி நகரத்துக்குப் போனார்கள். அங்கே நின்றுகொண்டு கலிபோர்னியா என்று சாதிக்க ஒரு தடை: நகரத்தின் கிழக்கே சாண்டியா மலை 3,200 மீற்றருக்கும் மேல் எழுந்து நிற்கிறது. கமெராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் மலையை விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் கதையையே அல்புகேர்க்கிக்கு மாற்றினார்கள். 2008இல் தொடர் வெளிவந்தபோது அதன் வானம் பேசுபொருளானது. அந்த நகரம் கடல்மட்டத்துக்கு 1,600 மீற்றர் மேலே, பாலைநில ஓரத்தில் இருக்கிறது. காற்றில் ஈரமும் தூசும் குறைந்தால் நீலமே கூடுதலாகச் சிதறும். வெள்ளைப் பூச்சு விழாது. நிழலும் கத்தியால் வெட்டினதுபோல இருக்கும். ஈரக்காற்று நிரம்பிய எங்கள் வானம் பகலில் வெளிறித் தெரிவதும் இதே பௌதிகத்தின் மறுபக்கம்தான். வரிச்சலுகை தேடிப் போன இடத்தில் ஒரு மலை அவர்களுக்குத் தொடரின் முகத்தையே கொடுத்துவிட்டது.

அந்த நகரத்தில் கதாநாயகனின் வீடாக வந்தது ஒரு குடும்பம் உண்மையில் வாழ்ந்த வீடு. 2010இல் ஒளிபரப்பான ஒரு காட்சியில் அவன் கோபத்தில் பீட்சாவைக் கூரைமேல் எறிவான். அதன்பின் இரசிகர்கள் வந்து அந்த வீட்டுக் கூரையில் உண்மையான பீட்சாவை எறியத் தொடங்கினார்கள். தொந்தரவு தாங்காமல் 2017இல் வீட்டுக்காரர் இரும்பு வேலி போட்டார்கள். கற்பனை ஊருக்கு உண்மை முகவரி கிடைத்தால் நடக்கிறது இது. முன்னர் சொன்ன அதே உள்படம்தான் இங்கும் வேலை செய்கிறது: திரையில் பதிந்த ஓரிடத்தை மூளை தன் நினைவிடங்களோடு சேர்த்துவிடுகிறது, கால் அங்கே போய் நிற்க ஆசைப்படுகிறது. அந்த ஆசை அழகானது. ஆனால் அங்கே ஒரு கிழவி காலையில் பத்திரிகை எடுக்கக் கதவு திறக்கிறாள் என்பதையும் வருகிறவர் நினைக்க வேண்டும். போரில் சேதப்பட்ட கட்டடங்களைப் பார்க்க வந்த பஸ் வண்டிகளை ஏ-9 வீதி ஓரத்தில் கண்ட எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு, ஒரு நல்ல குற்றத்தொடரை வட்டக்கச்சியிலேயே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எனக்கு அது நடக்க வேண்டும் என்று உண்மையான விருப்பம் உண்டு. 1950களில் குடியேற்றத் திட்டமாக எழுந்த ஊர் இது. காணிகள் அளந்து பிரித்த ஒழுங்கில் இருக்கின்றன, வாய்க்கால்களும் அப்படியே. தூரமும் நேரமும் சாட்சியாகிற கதைக்கு இதைவிடத் தெளிந்த தரையமைப்புக் கிடைப்பது அரிது. துருசு, வாய்க்கால், வரம்பு, படலை என்று ஒரு கொலையாளி போன வழியைப் பார்ப்பவர் தலைக்குள் வரைந்துகொள்ளலாம்.

ஆனால் வயல் அந்தக் குழுவை விடாது. கதை ஒரு கிழமைக்குள் முடிகிறது என்று வையுங்கள். படப்பிடிப்புக்கு மூன்று மாதம் செல்லும். காலபோகத்தில் மூன்றரை மாத நெல் விதைத்த வயலில், முதற்கிழமை தெரிவது சேறு. மூன்றாம் கிழமை இளம்பச்சை மயிர்போல எழும்பும். இரண்டு மாதத்தில் முழங்காலுக்கு மேல் கரும்பச்சை. பிறகு கதிர் பறிந்து, பால் பிடித்து, தலை சாய்ந்து, மஞ்சளாகி, ஒருநாள் அறுவடை இயந்திரம் வந்தால் மாலைக்குள் வெறும் ஒட்டும் வைக்கலும். திங்கட்கிழமை உடல் கிடந்தபோது வயல் கரும்பச்சை, செவ்வாய் விசாரணையின்போது மஞ்சள், புதன் மீண்டும் இளம்பச்சை என்று படம் ஓடினால், கமக்காரர் குடும்பத்துச் சின்னப்பிள்ளையும் எழும்பிக் கேட்கும். வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளை எந்த மாதமும் எடுக்கலாம். வயல் தெரிகிற ஒவ்வொரு காட்சியையும், கதையில் அது எங்கே வந்தாலும், பயிர் ஒரே நிறத்தில் நிற்கிற பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் எடுத்து முடிக்க வேண்டும். அதற்குள் மழை ஒரு மூன்று நாளைத் தின்னும். மிஞ்சியதில் நல்ல வெயில் காலையில் ஓர் அரைமணி, மாலையில் ஓர் அரைமணி.

அந்த நாட்கள் எவை என்பதும் தயாரிப்பாளரின் கையில் இல்லை. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கருக்குக் கொடுக்கலாம், எந்தத் திகதியில் துருசு திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது என்பதெல்லாம் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் இருந்து பேசி முடிவாகும். படக்குழுவின் அட்டவணை போடுகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கூட்டம் எப்போது என்று விசாரித்து, கொப்பியோடு வந்து பின்வரிசையில் இருப்பது.